குழந்தையோடு வருவோர்க்கு மட்டும்

லண்டன் மாநகரின் நடுப்பகுதியில் பிளூம்ஸ்பரி என்று ஒரு வட்டாரம் உண்டு. அங்கே ஏழு ஏக்கர் பரப்பில் ஒரு விளையாட்டுத் திடல் இருக்கிறது. அதன் பெயர் ‘கோரம்ஸ் பீல்ட்ஸ்’. பெயரைக் கேட்டு அஞ்சிவிட வேண்டாம். கோரம் என்பது அந்நாட்டில் வாழ்ந்த ஒரு நல்ல மனிதரின் பெயர். அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன். அத்திடலின் வாயிலில் உள்ள அறிவிப்பைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். குழந்தையை உடன் அழைத்து வராத பெரியவர் எவரும் உள்ளே வரலாகாது என்பதே அந்த அறிவிப்பு. குழந்தைகள் வரலாகாது என்று எழுதிய பலகைகளை நாம் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறோம். இங்கே முறை தலைகீழ். அமைச்சராயினும் ஆகுக, பேராசிரியராயினும் ஆகுக. ஒரு சிறு கை அவருடைய விரலைப் பற்றியிருந்தாலன்றி அந்தக் கதவு அவருக்குத் திறவாது.

2013 முதல் 2016 வரை நானும் என் கணவரும் இரு குழந்தைகளோடு லண்டனில் குடியிருந்தோம். போனபோது மகளுக்கு வயது இரண்டரை, மகன் கைக்குழந்தை. அந்த மூன்று ஆண்டுகளில் பக்கிங்காம் அரண்மனையை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். கோரம் திடலை எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆகவே, அன்பர்களே, பிரிட்டனைப் பற்றிப் பேச வந்தவள் அரண்மனையையும் பாராளுமன்றத்தையும் விட்டுவிட்டு மணல் தொட்டியைப் பற்றியும் தள்ளுவண்டியைப் பற்றியும் பேசுகிறாளே என்று எண்ண வேண்டாம். சிறு குழந்தைகளை வைத்திருப்பவர்க்கு ஒரு நாடு அவ்வாறுதான் தெரியும். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில்.

முதல் குளிர்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிசம்பர் மாதத்தில் லண்டனில் கதிரவன் எழுவது காலை எட்டு மணிக்கு. மாலை நான்கு அடிக்குமுன் மறைந்துவிடுவான். இடைப்பட்ட நேரத்திலும் அவன் முகத்தைக் காண்பது அரிது. கணவர் ஏழரைக்கு அலுவலுக்குப் புறப்பட்டால் மாலை ஏழுக்குத்தான் திரும்புவார். எங்களுக்கு இரண்டாம் மாடியில் இரண்டு அறைகள். கீழ்வீட்டார் நல்லவர்கள், படியில் எதிர்ப்பட்டால் வானிலையைப் பற்றி இரண்டு சொல் பேசுவார்கள், பிறகு கதவு மூடிக்கொள்ளும். குழந்தையை ஒரு நாழிகை வாங்கி வைத்துக்கொள்ள மாமியார் இல்லை, அத்தை இல்லை, எதிர்வீட்டுப் பாட்டி இல்லை. பெரியவர் ஒருவரோடும் ஒரு வாக்கியம் பேசாமலே பகல் கழிந்த நாட்கள் பல. ஒருநாள் தொலைபேசியில் எதையோ விற்க வந்த ஒருவரிடம் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தேன். வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. வைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இஃது அயல்நாட்டிலிருந்து வந்தவளின் துன்பம் என்றே முதலில் எண்ணினேன். அவ்வாறன்று. அந்நாட்டுப் பெண்களும் இதே துன்பத்தில் உழன்றிருக்கிறார்கள். 1960இல் மாரீன் நிக்கல் என்னும் பெண்மணி ‘கார்டியன்’ நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். வீட்டோடு அடைபட்டிருக்கும் பெண்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ள ஒரு பெயர்ப் பதிவேடு வேண்டும் என்பது அவர் கருத்து. மறுமொழிகள் வந்து குவிந்தன. பதிவேடு நாடளாவிய ஒரு பெண்கள் அமைப்பாக வளர்ந்தது. மறு ஆண்டிலேயே பெல் டுடேவ் என்னும் இன்னொரு தாய் அதே இதழுக்கு எழுதினார். பள்ளிப் பருவம் எய்தாத குழந்தைகளுக்கு மழலைக் கூடங்கள் போதவில்லை. அரசு திறக்கும் என்று காத்திராமல் நாமே நடத்துவோம் என்று பிற தாய்மாரை அழைத்தார். அதிலிருந்து எழுந்ததே ‘விளையாட்டுக் குழு’ இயக்கம். மாதாகோயில் கூடங்களை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, முறை வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் தெருவிற்கு அடுத்த மாதாகோயில் கூடத்திலும் செவ்வாய்தோறும் காலையில் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. வாயிலில் ஒரு பவுன் கொடுத்தால் போதும். இருபது குழந்தைகள், சக்கரம் கழன்ற பொம்மைக் கார்கள், பெரிய கெண்டி நிறையத் தேநீர். அந்தத் தேநீரைச் சூடாக அருந்திய தாய் ஒருத்தியையும் நான் கண்டதில்லை. கோப்பை வாயருகே போகும் வேளையில், எங்கேனும் ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைக் கடித்திருக்கும். ஆயினும் திங்கட்கிழமை இரவே என் மனம் செவ்வாய்க்கிழமையை எதிர்நோக்கத் தொடங்கிவிடும். அங்கேதான் பிற தாய்மாரிடமிருந்து ஒரு பாடம் கற்றேன். மழையோ பனியோ, நாளுக்கு ஒருமுறை குழந்தைகளை வெளியே கொண்டுபோய்விட வேண்டும். இல்லையேல் மாலைக்குள் மூவரும் அழுதுகொண்டிருப்போம் என்பதே அந்தப் பாடம்.

வெளியே போவது அவ்வளவு எளிதா? இரண்டு மணி நேரப் பயணத்திற்கு ஒரு மணி நேர ஆயத்தம் வேண்டும். சின்னவனுக்கு அணையாடையும் மாற்றுடையும், பெரியவளுக்கு மழைக்கோட்டும் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்சும், வெள்ளரிக்காய் வைத்த ரொட்டித் துண்டுகள், குடுவையில் வெந்நீர். அந்த வெந்நீர்க் குடுவையின் வரலாறே ஒரு வேடிக்கை. ஜேம்ஸ் டுவர் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1892இல் கண்டது அது. கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களைக் காப்பதற்காக அவர் செய்த கலம், இன்று குழந்தையின் பால்மாவுக்கு வெந்நீர் காக்கிறது. எல்லாம் கட்டி முடித்து, பூட்சு மாட்டி, வாயிற்படிக்கு வந்து நின்றதும் மகள் சொல்வாள்: “அம்மா, ஒன்றுக்கு வருகிறது.” பிறகு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

பழைய நாளில் ஆங்கிலத் தாய்மார் வைத்திருந்த குழந்தை வண்டி ஒரு சிறிய கோச்சு வண்டியைப் போன்றது. பெரிய சக்கரங்களும் வில் பொருத்திய அடிப்பாகமும் உடையது. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் பேருந்தில் ஏறாது, மாடிப்படியில் இறங்காது. தாய் எவ்வளவு தொலைவு நடப்பாளோ அவ்வளவுதான் குழந்தையின் உலகம். இதை மாற்றியவர் ஓவன் மக்லாரன் என்னும் விமானப் பொறியியல் வல்லுநர். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஸ்பிட்பயர் விமானத்தின் சக்கரக் கால்களை வகுத்ததில் பங்கு கொண்டவர் அவர். பறக்கும்போது மடங்கி உள்ளே போகவும், இறங்கும்போது நீண்டு நிற்கவும் வேண்டிய கால்கள் அவை. முதுமையில், கனத்த குழந்தை வண்டியோடு தம் மகள் படும் பாட்டை அவர் கண்டார். அலுமினியக் குழாயும் துணியும் கொண்டு, குடைபோல மடங்கும் வண்டி ஒன்றைச் செய்து, 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. ஒரு கையில் குழந்தை, மறு கையில் வண்டி. தாய் பேருந்தில் ஏறிவிடலாம். போர்க்கருவி வகுத்த கைகள் பிற்காலத்தில் செய்த வேலைகளுள் இதைவிட நல்லதொரு வேலையை நான் அறியேன்.

இருப்பினும் லண்டனின் பாதாள இரயில் நிலையங்கள் பலவற்றில் படிக்கட்டுகள்தாம். உறங்கும் குழந்தையோடு வண்டியைப் பிடித்துக்கொண்டு படியின் அடியில் நின்றால், முன்பின் அறியாத ஒருவர் வந்து முன்சக்கரப் பக்கத்தைப் பற்றித் தூக்குவார். மேலே வைத்துவிட்டு, நன்றி சொல்லி முடிக்குமுன் கூட்டத்தில் மறைந்துவிடுவார். ஆங்கிலேயர் பேசமாட்டார்கள் என்று குறை கூறுவோர் உண்டு. நானும் கூறியிருக்கிறேன். அந்தப் படிக்கட்டுகளில் அக்குறையை மறந்துவிடுவேன்.

நாங்கள் அடிக்கடி சென்ற இடம் தென் கென்சிங்டனில் 1881இல் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்றுக் காட்சிசாலை. அங்கே செல்ல எங்களுக்குப் பெருஞ்செலவு இல்லை. லண்டன் பேருந்துகளிலும், பெரியவரோடு சென்றால் பாதாள இரயிலிலும், பதினொரு வயது நிரம்பாத குழந்தைகளுக்குக் கட்டணம் கிடையாது. காட்சிசாலையிலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. முதல் முறை போனபோது பெருங்கூடத்தின் நடுவே டிப்ளோடோகஸ் என்னும் பழங்காலப் பேருயிரின் எலும்புக்கூட்டு வார்ப்பு நின்றது. 1905இல் லண்டனுக்கு வந்த அது, 1979 முதல் அந்தக் கூடத்தில் நின்று, 2017இல் ஒரு நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு இடம் விட்டது. உலகத்தார் அதைக் காண வருகிறார்கள். என் மகள் அதை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அக்கட்டடத்தை வகுத்த ஆல்பிரட் வாட்டர்ஹவுஸ், கூடத்தின் வளைவுகளில் சுட்ட மண்ணாலான குரங்குகள் ஏறுவதுபோல அமைத்திருக்கிறார். அவற்றைக் கண்டுகொண்டாள். “குரங்கு, குரங்கு” என்று எண்ணத் தொடங்கினாள். ஐந்துக்குமேல் அவளுக்கு எண்ணத் தெரியாது. ஆகையால் ஐந்து வந்ததும் மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணுவாள். முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. சின்னவன் அழத் தொடங்கினான். வெளியே வந்துவிட்டோம். திமிங்கிலம், வைரம், எரிமலை ஒன்றையும் பார்க்கவில்லை.

அன்று எனக்கு வருத்தமே இல்லை. அடுத்த வாரம் வரலாம் என்று வந்துவிட்டேன். அந்தக் கதவில் பத்துப் பதினைந்து பவுன் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பேன்? கொடுத்த பணத்திற்கு ஈடாக எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று குழந்தையை இழுத்துக்கொண்டு அறை அறையாக அலைந்திருப்பேன், அதட்டியிருப்பேன், அவளும் காட்சிசாலை என்றாலே அழும் குழந்தையாகியிருப்பாள். இது கற்பனையன்று. அக்காட்சிசாலையில் 1987 முதல் கட்டணம் வாங்கினார்கள். வருவோர் தொகை பெரிதும் குறைந்தது. 1999இல் குழந்தைகளுக்கும், 2001 டிசம்பரில் எல்லோருக்கும் கதவு இலவசமாகத் திறந்தது; கூட்டம் மீண்டும் பெருகிற்று. கட்டணம் வாங்கலாமா என்ற வாதம் அங்கே அவ்வப்போது எழுவதுண்டு. பொருளாதார வல்லுநர்கள் இரு பக்கமும் பேசுவார்கள். மூன்று வயதுக் குழந்தை முப்பத்தைந்து நிமிடத்திற்குமேல் தாங்காது என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் நகருக்குள்ளே. ஆனால் பிரிட்டனில் குடும்பப் பயணம் என்றால் கடற்கரைதான். இதற்கும் ஒரு கதை உண்டு. தொழிலாளிக்கு ஞாயிறு தவிர ஓய்வு நாட்கள் மிகச் சிலவே இருந்த காலம் அது. சர் ஜான் லப்பக் என்னும் பாராளுமன்ற உறுப்பினர், தொழிலால் வங்கியாளர், ஆர்வத்தால் எறும்புகளை ஆராய்ந்தவர், 1871இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஆண்டில் நான்கு நாட்கள் வங்கிகள் மூடப்பட வேண்டும் என்றது அது. வங்கி மூடினால் வாணிகம் நிற்கும். வாணிகம் நின்றால் மற்றவர்க்கும் ஓய்வு. நன்றி மறவாத மக்கள் அந்த ஆகஸ்டு விடுமுறையைப் ‘புனித லப்பக் திருநாள்’ என்று கேலியும் அன்புமாக அழைத்தார்கள். இரயில்கள் ஆயிரக்கணக்கில் குடும்பங்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டின. எனினும் அவர்களிற் பலருக்கு விடுமுறை நாள் கூலியற்ற நாளே. ஊதியத்தோடு கூடிய விடுமுறைக்கு வழிவகுத்த சட்டம் 1938இல்தான் வந்தது.

லப்பக் தந்த விடுமுறைகளுள் ஒன்று, 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை என்று நிலைபெற்றது. அப்படி ஒரு திங்கட்கிழமையன்று நாங்கள் சவுத்எண்ட் என்னும் கடற்கரை ஊருக்குப் புறப்பட்டோம். கிழக்கு லண்டனின் உழைப்பாளிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செல்லும் ஊர் அது. பென்சர்ச்சு தெரு நிலையத்திலிருந்து ஒரு மணி நேர இரயில் பயணம். ஐந்து வயது நிரம்பாதவர்க்குச் சீட்டு வேண்டியதில்லை. எங்கள் பெட்டியில் ஒருவர் தம் நாயோடு ஏறினார். அந்நாட்டில் அதற்குத் தடையில்லை. ஊர் வந்ததும் இறங்கிக் கடற்கரைச் சாலைக்கு நடந்தோம். பார்த்தால் கடலைக் காணோம்! கண்ணுக்கு எட்டிய வரை சேறு. அதன்மேல் சாய்ந்து கிடக்கும் படகுகள். மகள் திகைத்து நின்றாள். “அம்மா, கடலை யார் எடுத்துக்கொண்டு போனார்கள்?” என்று கேட்டாள்.

தேம்சு நதி கடலோடு கலக்கும் முகத்துவாரம் அது. ஓதம் வற்றும்போது நீர் ஒரு மைல் தொலைவுக்கும் அப்பால் விலகிப் போய்விடும். கரையை நாட முடியாத கப்பல்களிலிருந்து பயணிகளை இறக்குவதற்காகக் கடலைத் தேடிப் போகும் நீண்ட பாலம் ஒன்றைக் கட்டினார்கள். முதலில் மரத்தால் கட்டியது. இன்றிருக்கும் இரும்புப் பாலம் 1889இல் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். உலகிலேயே மிக நீண்ட உலாப்பாலம் என்று பெயர் பெற்றது. அதன்மேல் ஒரு சிறிய இரயிலும் ஓடுகிறது. அந்த இரயிலில் ஏறிக் கடலைக் கண்டு வந்தோம். குழந்தைகளுக்குக் கடலில் நாட்டமில்லை. சேறுதான் வேண்டும் என்றார்கள்.

அதற்குள் தூறல் தொடங்கிவிட்டது. நாங்கள் திரும்பிவிடலாமா என்று எழுந்தோம். அருகே ஒரு பெரிய குடும்பம். பாட்டி, இரண்டு மகள்கள், ஐந்தாறு பிள்ளைகள். காற்றைத் தடுக்கக் கோல் நட்டுத் துணி கட்டியிருந்தார்கள். அவர்களில் ஒருவரும் அசையவில்லை. குடையின்கீழ் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்து உண்ணலானார்கள். பாட்டி எங்களைப் பார்த்து, “இதெல்லாம் மழையா? நின்றுவிடும், உட்காருங்கள்” என்றார். ஒரு வாளியையும் சிறு மண்வெட்டியையும் என் மகளிடம் நீட்டினார். மழை நிற்கவில்லை. ஆனால் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. மூன்று மணி நேரம் என் பிள்ளைகள் அந்தச் சேற்றை அள்ளி வேறோர் இடத்தில் போட்டார்கள். பிறகு அங்கிருந்து அள்ளிப் பழைய இடத்தில் போட்டார்கள். நாடு கடந்து வந்த மூன்று ஆண்டுகளில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு நாங்கள் அரைநாள் இருந்து உண்டது அன்று ஒருநாள்தான்.

இடையே ஓர் இடையூறு. மகளுக்கு அவசரமாகக் கழிப்பிடம் வேண்டியிருந்தது. அருகிலிருந்ததைத் தேடிப் போனால் கதவில் பூட்டுத் தொங்கியது. தேநீர்க் கடைப் பெண்மணி ஒருவர் இரங்கித் தம் கடைக்குள் விட்டார். பொதுக் கழிப்பிடம் வைக்க இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு, கடமை இல்லை. 1936ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் அவ்வாறுதான் சொல்கிறது. கடமை இல்லாதது பணமுடை வரும்போது முதலில் போகும். 2010க்குப் பின் வந்த சிக்கன ஆண்டுகளில் கழிப்பிடங்கள் பல மூடப்பட்டன. சிறு நூலகங்கள் பல மூடப்பட்டன. இளங்குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் என்றே முன்பு திறந்த நிலையங்கள் பலவும் மூடப்பட்டன. வரவுசெலவுத் திட்டத்தில் இவை சிறு தொகைகள். இரண்டாம் மாடியில் இரண்டு குழந்தைகளோடு அடைந்திருக்கும் ஒருத்திக்கு, இன்று வெளியே போகலாமா, வேண்டாமா என்பது இவற்றைப் பொறுத்தது.

அன்றிரவு ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் கேட்டார், கடற்கரையில் என்ன பார்த்தாய் என்று. என் மகள் எண்ணிப் பார்த்துச் சொன்னாள்: “ரயிலில் ஒரு நாய்.”

கோரத்தைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். தாமஸ் கோரம் ஒரு கப்பல் தலைவர். முதுமையில் லண்டனுக்குத் திரும்பி வந்தவர், தெருவோரங்களில் பச்சிளங்குழந்தைகள் எறியப்பட்டுக் கிடப்பதைக் கண்டார். சில உயிரோடும் சில உயிரற்றும் கிடந்தன. பிரபுக்களின் வாயில்களில் பதினேழு ஆண்டு ஏறி இறங்கி, 1739இல் அரசரிடம் உரிமைச் சாசனம் பெற்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் இல்லம் அமைத்தார். 1741இல் முதற் குழந்தைகளை ஏற்றார்கள். இடம் போதவில்லை. மறு ஆண்டு முதல் தாய்மாரைச் சீட்டுக் குலுக்குவதுபோல ஒரு பையிலிருந்து பந்து எடுக்கச் செய்தார்கள். வெள்ளைப் பந்து வந்தால் குழந்தைக்கு இடம் உண்டு. சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும். கறுப்பு வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போக வேண்டும்.

இடம் கிடைத்த தாய்மார், பின்னொரு நாள் திரும்பி வந்து மீட்பதற்கு அடையாளமாக எதையேனும் விட்டுச் சென்றார்கள். வெட்டிய நாணயம், ரிப்பன், துணித்துண்டு. 2004இல் அத்திடலின் அருகே திறந்த காட்சிசாலையில் அவ்வடையாளங்களைக் காணலாம். சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் கண்டேன். 1741 முதல் 1760 வரை ஏற்ற குழந்தைகள் 16,282; தாய்மார் திரும்ப வந்து மீட்டவை 152.

1926இல் அந்த இல்லம் நகரை விட்டு வெளியேறியது. நிலம் கைமாறியது, பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டன, புதுக் கட்டடங்கள் எழவிருந்தன. வட்டார மக்கள் விடவில்லை. குழந்தைகளுக்கென்றே அந்நிலம் இருக்க வேண்டும் என்று போராடிப் பணம் திரட்டினார்கள். ரோதர்மியர் பிரபு பெருந்தொகை உதவினார். 1936இல் அது விளையாட்டுத் திடலாயிற்று. தாய்மார் குழந்தையோடு வந்து வெறுங்கையோடு திரும்பிய இடத்தில் இன்று அந்த அறிவிப்பு நிற்கிறது.

நாங்கள் ஊர் திரும்புவதற்கு முந்திய வாரம், குழந்தைகளைக் கணவரோடு மணல் தொட்டியில் விட்டுவிட்டு, பால் வாங்க எதிர்க்கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது வாயிற்காவலர் என்னை நிறுத்தினார். “குழந்தை எங்கே, அம்மா?” என்றார். உள்ளே இருக்கிறது என்றேன். “மன்னிக்க வேண்டும். விதி அப்படி” என்றார். மூன்று ஆண்டு வந்து போனவள் என்றும் பாராமல் தடுத்துவிட்டாரே என்று ஒரு நொடி சினந்தேன். ஆனால் அவர் செய்தது சரிதான். கம்பிவேலியருகே நின்று மகளைக் கூவி அழைத்தேன். ஈர மணல் அப்பிய கையோடு ஓடி வந்தாள். என் விரலைப் பற்றிக்கொண்டு, காவலரை நிமிர்ந்து பார்த்து, “இவங்க என்னோட வந்தவங்க” என்றாள், அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். காவலர் ஒதுங்கி வழிவிட்டார்.